சிவிட்டாவெக்கியாவில் ஒரு பகல் தூக்கம்

கப்பலில் இருந்த எல்லாரும் அன்று ரோமுக்குக் கிளம்பினார்கள். நான் கிளம்பவில்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது எங்கள் மேசையில் இருந்த அகமதாபாத் தம்பதி, உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ரோம் பார்க்காமல் போவீர்களா?" என்று அந்த அம்மாள் இந்தியில் கேட்டார். எனக்கு இந்த ஊரிலேயே ஒரு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று விளக்கப் போயிருந்தால் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். என் மகனோடு ஒரு பகல், இரண்டு பேரும் விழித்திருக்கும்போது, சேர்ந்து இருக்க வேண்டும். அதுதான் வேலை.

சிவிட்டாவெக்கியா ரோமுக்குப் போகிறவர்கள் இறங்குகிற துறைமுக ஊர். பெயர் வாயில் நுழைய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஏழெட்டு மாடிக் கப்பல்கள் வந்து நிற்கின்றன, ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்குகிறார்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி நேரே ரோமுக்கு ஓடிவிடுகிறார்கள். ஊரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேள்விப்பட்டதுமே எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் சூளகிரியும் அப்படித்தான். பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிற வண்டிகளெல்லாம் எங்களை உரசிக்கொண்டுதான் போகின்றன. டீ குடிக்க நிறுத்தினால் உண்டு, இல்லாவிட்டால் ஒரு ஹாரன் சத்தத்தோடு சரி.

என் மகன் சதீஷ் அந்தக் கப்பலில் ரொட்டி போடுகிறான். ஓசூரில் கேட்டரிங் படித்துவிட்டு, பெங்களூர் ஓட்டல் ஒன்றில் மாவு பிசைந்துவிட்டு, அப்படியே கடலுக்குப் போனவன். அங்கே வேலை செய்பவர்களின் அப்பா அம்மா சலுகையில் ஒரு தடவை பயணம் செய்யலாமாம். "நைனா, நீயும் அம்மாவும் வந்துருங்க" என்று போனில் சொன்னான். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் மகளுக்குப் பிரசவ நேரம். என் மனைவி ரத்னா கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். "நீங்க போயிட்டு வாங்க. போன்ல எது கேட்டாலும் நல்லாருக்கன், நல்லாருக்கன்னுதான் சொல்றான். ஒரு நாளு அவங்கூட உக்காந்து பேசிட்டு வாங்க, போதும்" என்று சொல்லி அனுப்பினாள்.

சொல்வது சுலபம். கப்பலில் ஏறிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. அவனுக்கு ராத்திரி முழுக்க வேலை. பொழுது விடிந்ததும் அடித்தளத்தில் இருக்கிற அவர்கள் அறைக்குத் தூங்கப் போய்விடுவான். அங்கே நான் போகக் கூடாது. பயணிகள் உட்காருகிற இடத்தில் அவன் வந்து உட்காரக் கூடாது. முதல் நாள் ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "முடிச்சு போட்ட பன்னு இருக்கும் நைனா, அதெல்லாம் என் கைதான். எடுத்துச் சாப்புடு" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவ்வளவுதான் பேச்சு.

அதற்கப்புறம் தினமும் காலையில் நான் அந்த முடிச்சு பன்னைத்தான் எடுத்தேன். சுற்றிலும் பழங்களும் கேக்கும் பொங்கி வழிந்தன. நான் பன்னைத் தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு நாள் முடிச்சு இறுக்கமாக, அழகாக இருக்கும். இன்னொரு நாள் தொளதொளவென்று இருக்கும். நேற்று ராத்திரி பையனுக்கு எப்படிப் போயிருக்கும் என்று அதை வைத்து ஒரு முடிவுக்கு வருவேன். ஆக்சில் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் குப்பை கொட்டியவனுக்கு அந்தப் புத்தி போகுமா?

நானும் ரிட்டயர் ஆகும்வரை ஷிப்ட்டுக்காரன்தான். சூளகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். சதீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், இல்லாவிட்டால் கிளம்பிக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். அதனால் கப்பலில் நடந்தது எனக்குப் புதிதாக இல்லை. இந்தத் தடவை தூங்குகிற ஆள் மாறியிருந்தான், அவ்வளவுதான்.

சிவிட்டாவெக்கியாவில் கப்பல் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்கும். அன்று வெளியே வருகிறேன், முழு நாளும் உன்னோடுதான் என்று சதீஷ் வாக்குக் கொடுத்திருந்தான். நான் விடிவதற்கு முன்பே குளித்து, ரத்னா மடித்து வைத்த கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் செய்தி வந்தது. கப்பலில் ஏதோ பாதுகாப்புப் பயிற்சியாம், எல்லாரும் இருந்தே ஆக வேண்டுமாம். "லேட் ஆவும் நைனா. நீ போயி ஊர சுத்திக்கினு இரு. கடல் ஓரமா பெரிய கோட்டை இருக்கும். பதினொண்ணுக்கு அங்க வரன்."

முழு நாளில் ஒரு கை அளவு அப்போதே போய்விட்டது. எனக்கு முகம் தொங்கிவிட்டது. இருந்தாலும் இறங்கினேன்.

துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். ஊருக்குள் கொண்டுவிட இலவச பஸ் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். கீழே வரிசையாகப் பத்துப் பதினைந்து பஸ் நின்றன. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கம்பெனி பஸ்ஸில் காலம் தள்ளியவர்களுக்கு போர்டு பார்த்து ஏறுகிற பழக்கமே கிடையாது. அரை இருட்டில் பஸ் வந்து நிற்கும். ஜன்னலில் நம் ஷிப்ட் முகங்கள் தெரிந்தால் ஏறிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் ஒரு ஜன்னலில் அகமதாபாத் அம்மாளின் முகம் தெரிந்ததும் படியேறிப் பின்னால் போய் வசதியாக உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "வந்துவிட்டீர்களா! நல்ல வேலை செய்தீர்கள்" என்று சந்தோஷப்பட்டார். ஏன் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

பஸ் துறைமுக வாசலை நெருங்கும்போது மைக் பிடித்த பெண், ரோம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், யாராவது கழிவறைக்குப் போக வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று எழுந்து தமிழில் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. உடனே "நில்லிஸி!" என்று கன்னடத்தில் கத்தினேன். மூன்று மாநில எல்லையில் இருக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. எதிரில் இருப்பவருக்குத் தமிழ் புரியவில்லை என்றால் நாக்கு தானாகக் கன்னடத்துக்குப் போகும். அதுவும் புரியவில்லை என்றால் தெலுங்கு. அதற்கப்புறம்தான் உலகத்தில் இங்கிலீஷ் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். டிரைவர் எந்த மொழியைப் புரிந்துகொண்டாரோ, பிரேக் போட்டார். நான் இறங்கும்போது பஸ் முழுக்கச் சிரித்தது. கழிவறைக்குத்தான் இறங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். ரோமுக்குப் போயிருந்தால் சதீஷ் கோட்டையடியில் நின்றுகொண்டிருப்பான், நான் ஏதோ இடிந்த மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இனி இன்று பஸ்ஸே வேண்டாம் என்று நடக்க ஆரம்பித்தேன்.

கோட்டை தூரத்திலிருந்தே தெரிந்தது. கனத்த சுவர், மூலைக்கு மூலை உருண்டைக் கோபுரம், பழைய துறைமுகத்தை ஒட்டிக் காவல்காரன் மாதிரி நின்றது. ராயக்கோட்டையில் மலை மேல் ஒரு கோட்டை இருக்கிறது, ரத்னாவின் ஊர் அதன் அடிவாரம். அதில் ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். இது தரையிலேயே இருந்தது மிகவும் சௌகரியம். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் ஏறாததால் குளிர்ந்து இருந்தது. மார்கழியில் எங்கள் ஊர்க் குளிர் இப்படித்தான் கையில் ஏறும்.

நேரம் இருந்தது. சந்துக்குள் ஒரு காப்பிக்கடை. எல்லாரும் கவுண்டர் ஓரம் நின்றபடியே குடித்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்பதுபோலவே முழங்கையை ஊன்றி நின்றேன். காப்பி வந்தது. கப்பே இத்தனூண்டு, அதிலும் பாதிதான் காப்பி. மீதியைப் பிறகு ஊற்றுவார்கள் என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆள் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனதைப் பார்த்துத்தான் நானும் குடித்தேன். கசப்பு காது வரைக்கும் போனது. ஆனால் நல்ல காப்பி.

அங்கிருந்து சத்தம் வந்த திசையில் போனால் சந்தை. ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் காய்கறி. இத்தாலிக்காரர்கள் மெதுவாகப் பேசுவதில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு கடையில் தக்காளி மட்டுமே ஐந்தாறு தினுசு. கொடியோடு தொங்குவது, நீட்டாக விரல் மாதிரி இருப்பது, பூசணி மாதிரி வரிவரியாகப் பிதுங்கி நிற்பது. ராயக்கோட்டை மண்டியில் பெட்டி பெட்டியாகத் தக்காளி பார்த்தவன் நான். பெண் பார்க்கப் போன அன்றைக்கே மாமனார் என்னை மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தக்காளி வாங்கச் சொன்னார். அமுக்கிப் பார்க்காமல் வாங்குகிறவன் எங்கள் பக்கத்தில் ஏமாளி. ஆகவே அந்த வரித் தக்காளியில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் இதமாக அமுக்கினேன்.

கடைக்கார அம்மா போட்ட கூச்சலில் மீன்கடைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையிலிருந்து தக்காளியைப் பிடுங்கி, நான் அமுக்கிய இடத்தைச் சந்தை முழுவதற்கும் காட்டினாள். நான் "தப்பாயிடுச்சும்மா" என்றேன், பிறகு "தப்பாய்த்து அம்மா" என்று கன்னடத்திலும் சொன்னேன். பின்னாலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒரு பஞ்சாபிக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். இங்கே யாரும் காயைத் தொடக் கூடாது, என்ன வேண்டும் என்று சொன்னால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள் என்று இந்தியில் விளக்கினார். எங்கள் கம்பெனிக்குப் பீகாரிலிருந்து வந்த பையன்களோடு பழகியதில் எனக்கும் கொஞ்சம் இந்தி ஓடும்.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்து என்னிடம் ஏதோ கேட்டாள். பஞ்சாபிக்காரர் மொழிபெயர்த்தார். "எப்போது சாப்பிடப் போகிறீர்கள், இன்றைக்கா நாளைக்கா என்று கேட்கிறாள்." இன்றைக்கு, என் மகனோடு, என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. குவியலைக் கண்ணாலேயே துழாவி, இரண்டு தக்காளிகளை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பை ஓரத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். சதீஷிடம் சொல்லச் சங்கதி சேர்ந்துகொண்டே போனது. ரோம் பஸ், காப்பி, இப்போது தக்காளி. இவனிடம் எதை முதலில் சொல்வது என்று நடந்துகொண்டே யோசித்தேன்.

பதினொன்றுக்கு முன்பே கோட்டையடியில் நின்றேன். பதினொன்று ஆனது. வெயில் ஏறியது. வெள்ளைச் சட்டையில் தூரத்தில் யார் வந்தாலும் இவன்தான் என்று எழுவேன், பிறகு உட்காருவேன். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து என் போனில் சிக்னல் இல்லை. வரவே மாட்டானோ என்றுகூடத் தோன்றிவிட்டது. நண்பகலுக்குச் சற்று முன்னால், நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தான்.

"ரொம்ப நேரமா நிக்கிறியா நைனா?"

"இல்லடா, இப்பதான் வந்தன்."

"பொய் சொல்லாத. சட்டையெல்லாம் வேர்த்துப் போயி நிக்கிற."

அவனை வெயிலில் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருப்பு தட்டியிருந்தது. முன்கையில் அடுப்புத் தட்டு சுட்ட கோடுகள். கழுத்தில் கப்பல் அடையாள அட்டை. "எளைச்சுட்டியேடா" என்றேன்.

"கப்பலுக்கு வர்றவன் எல்லாம் குண்டாவான் நைனா. ரொட்டி போடறவன்தான் எளைப்பான்" என்று சிரித்தான். "மூணு மணிக்கு நான் உள்ள இருக்கணும். வா, மொதல்ல சாப்புடலாம்."

ஒரு கடையில் பீட்சாவைத் தகரத் தட்டோடு வைத்திருந்தார்கள். கையால் அளவு காட்டினால், தையல்காரர் மாதிரி கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் நிறுத்துத் தருகிறார்கள். உருளைக்கிழங்கு போட்டது ஒன்று, வெறும் தக்காளிச் சாறு பூசியது ஒன்று. காகிதத்தில் வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு மர நிழல் பெஞ்சில் உட்கார்ந்தோம். சதீஷ் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "நல்லா வெந்திருக்குது" என்றான். அவனும் தொழில் புத்தியை விடவில்லை.

"இன்னிக்கி எப்படிடா லீவு குடுத்தாங்க?"

"குடுக்கல. மாத்திக்கினன். கப்பல் கரையில நின்னாலும் கொஞ்சம் பேரு உள்ள இருக்கணும். இன்னிக்கி என் முறை. பிலிப்பைன்ஸ்காரப் பையன் ஒருத்தன் எனக்குப் பதிலா இருக்கான்."

"சும்மாவா இருப்பான்?"

"அவன் சாயங்கால வேலைய ரெண்டு மூணு நாளு நான் பாத்தன்."

"உன் நைட்டையும் பாத்துக்கினா?"

அவன் பீட்சாவை மென்றான்.

"டபுள் அடிச்சியாடா?"

"நீ அடிக்கலியா நைனா? மாரியம்மன் பண்டிகைக்கு லீவு வேணும்னு நீ அடிக்காத டபுளா?"

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்கு அதுதான் வழி. ஒருவன் நமக்காக ஒரு நாள் நிற்க வேண்டுமானால், நாம் ஒரு நாள் நம் ஷிப்ட்டோடு அவனுடையதையும் சேர்த்துத் தொடர்ந்து நிற்க வேண்டும். பண்டிகை அன்று காலையில் வந்து, மாவிளக்கு எடுக்கும்போது நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். கப்பலில் சில நாள் அவன் முடிச்சு பன் ஏன் தொளதொளவென்று இருந்தது என்று எனக்கு இப்போது விளங்கியது.

சதீஷ் சுறுசுறுப்பாக நாளைத் திட்டம்போட ஆரம்பித்தான். "இங்க ஒரு ஐஸ்கிரீம் கடை இருக்குது நைனா, பிஸ்தா போட்டுத் தருவாங்க, சூப்பரா இருக்கும். அத வாங்கிக்கினு அந்தப் பக்கம் போனா பழைய ஊரு. அங்க சுவத்துல ஒரு வாசல் இருக்குது, உள்ள போனா சின்ன மைதானம், நல்லாருக்கும். அப்புறம்..."

அப்புறம் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் முதுகில் தலை சாய்ந்திருந்தது. கையில் பீட்சாத் துண்டு அப்படியே இருந்தது. அவன் தூங்கிவிட்டிருந்தான்.

எழுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்திருக்கிறேன். ரத்னா கேட்கச் சொன்னது ஒன்றுகூடக் கேட்கவில்லை. மூன்று மணிக்கு அவன் போய்விடுவான், இனி இப்படி ஒரு பகல் கிடைக்காது. பிறகு அவன் கையிலிருந்து பீட்சாவை மெல்ல எடுத்தேன். காலைத் தூக்கிப் பெஞ்சில் நீட்டிவிட்டேன். அந்தச் சமையலறை ஷூவைக் கழற்றினேன். குதிகாலில் கொப்புளம் இருந்தது. என் பையைத் தலைக்கு வைத்து, தக்காளியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் அவன் காலடியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் ஓர் ஆள் கழுத்தில் மாட்டிய அக்கார்டியன் பெட்டியை வாசித்துக்கொண்டு வந்தார். நேராக எங்கள் பெஞ்சுக்கு. நான் பதறி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினேன். "தூங்குறான், தூங்குறான்." அவர் சிரித்துக்கொண்டு இன்னும் பலமாக வாசித்தார். "மக மல்கவ்னே!" என்று கன்னடத்தில் கெஞ்சினேன். "நித்ரபோதுன்னாடு!" என்று தெலுங்கிலும் சொன்னேன். கடைசியில் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினேன். அவர் சதீஷைப் பார்த்தார். பெட்டியை மூடிக்கொண்டு, நுனிக்காலில் நடந்து போனார். அப்படி ஒரு மரியாதையை நான் அந்த ஆளிடம் எதிர்பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பந்து விளையாடும் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் ஒரு குட்டி நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது. எதிர் பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வயசான அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் தரையிலிருந்து உயரம் காட்டி, உங்கள் பையனா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கப்பலைக் காட்டினார். அதற்கும் ஆமாம். அந்த நிமிஷத்திலிருந்து பாதி வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளை அவர்தான் அதட்டித் தள்ளிப்போகச் சொன்னார். நாயின் சொந்தக்காரியிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பெஞ்சில் ஆள் படுத்திருப்பதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்தபோது, கிழவி எழுந்து நின்று அவரிடம் நீளமாக ஏதோ பேசினார். போலீஸ்காரர் சதீஷின் கழுத்து அட்டையைக் குனிந்து பார்த்தார். இடுப்பில் கரகரத்த வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. நான் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது ரத்னா இப்படித்தான் தெருவையே அடக்கி வைத்திருப்பாள். சிலிண்டர்காரன் தட்டுவதற்கு முன்பே வாசலுக்கு ஓடுவாள். ஒலிபெருக்கி கட்டிய காய்கறி ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவாள். விசில் வருவதற்குள் குக்கரை இறக்குவாள். வெளிச்சம் வராமல் ஜன்னலில் கம்பெனி அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியிருப்போம். சதீஷ் டிவியில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பான். விக்கெட் விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு குதிப்பான். இதையெல்லாம் நான் தூங்கும்போது செய்தார்கள். ரத்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கே தெரிந்தது ஒன்று உண்டு. என்னை எழுப்புகிற வேலை அவனுடையது. நைட் ஷிப்ட் பார்த்தவனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லி எழுப்பமாட்டார்கள், தோளைப் பிடித்து உலுக்கவும் மாட்டார்கள். மெஷின் சத்தம் காதிலேயே இருக்கும், திடுக்கிட்டு எழுந்து எதையாவது தள்ளிவிடுவான். காலின் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக அழுத்த வேண்டும். சதீஷ் அப்படித்தான் எழுப்புவான். நான் கண்ணைத் திறக்காமலே "பஸ் வந்துருச்சா?" என்பேன். "இன்னும் வரல நைனா, படு" என்பான். படவா, வேண்டுமென்றே கொஞ்சம் முன்னாடியே எழுப்புவான். அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு. நான் கண்ணை மூடியபடி "சொல்லு" என்பேன். யார் யாரை அடித்தது, கணக்கு வாத்தியார் என்ன சொன்னார், எல்லாம் என் காலடியில் உட்கார்ந்து சொல்லுவான். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த பேச்சு அவ்வளவுதான். ஆனால் நைட் ஷிப்ட் வாரங்களில் அது தினமும் இருந்தது.

நிழல் நகர்ந்தது. நான் எழுந்து, அவன் முகத்தில் வெயில் விழாத பக்கம் நின்றேன். கிழவி எழுந்து வந்து தன் குடையை விரித்து என் கையில் கொடுத்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நான் அந்த ஊரைப் பார்த்தேன். கடல், கோட்டை, சைக்கிளில் போகிற பிள்ளைகள், மாடியில் உலர்கிற துணிகள். பிஸ்தா ஐஸ்கிரீமும் சுவரில் இருக்கிற வாசலும் எங்கே இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் துக்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பையன் வாய் திறந்து தூங்கினான். சின்ன வயசில் அவன் தூங்கும்போது நான் பார்த்ததே குறைவு. இன்று ஆசை தீரப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அவன் கப்பலுக்குள் இருக்க வேண்டும். துறைமுக வாசல்வரை நடந்து உள்ளே போய்ச் சேர வேண்டிய நேரத்தையும் கழித்துப் பார்த்தேன். அதிலிருந்து இன்னும் கொஞ்சம் கழித்தேன். குடையைக் கிழவியிடம் கொடுத்துவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்து, காலுறையோடு கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக அழுத்தினேன்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலிருந்து வரும் குரலில் கேட்டான்.

"பஸ் வந்துருச்சா நைனா?"

"இன்னும் வரலடா. படு."

உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. கண் மூடியே இருந்தது. காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினான்.

"அப்ப சொல்லு" என்றான்.

எதை முதலில் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. மடியில் இருந்த தக்காளிகளில் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தேன். பார்க்காமலே அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"இதைத்தாண்டா செஞ்சன். இதுக்குத்தான் சந்தையில ஒரு அம்மா என்னைப் போட்டு அந்தத் திட்டு திட்டிச்சு" என்று ஆரம்பித்தேன்.

கிளம்பும் நேரம்வரை இரண்டு பேரும் விழித்துத்தான் இருந்தோம். அவன் கண்ணை மட்டும் திறக்கவில்லை.